அம்மாவின் பாத்தியும் வெடியுப்புத் தண்ணீரும்

முந்தாநாள் நம்முடைய மாடித்தோட்டக் குழுவில் ஒருவர் கத்தரிச் செடியின் படத்தைப் போட்டு, கீழ் இலையெல்லாம் மஞ்சளாகிறதே, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். உடனே ஆளாளுக்குப் பதில் சொல்லிவிட்டீர்கள். தழைச்சத்துக் குறைவு, பக்கத்துத் தொட்டியில் அவரை போடுங்கள், தட்டாம்பயறு போடுங்கள், அது வேரில் சத்தைப் பிடித்து வைக்கும், நம் முன்னோர்கள் அப்படித்தான் செய்தார்கள் என்று ஒரே பாடம். கூடவே கும்பிடுகிற கை, பூங்கொத்து. நான் ஒன்றும் போடவில்லை. போட்டிருந்தால் கெட்ட வார்த்தையாகத்தான் போட்டிருப்பேன்.

முன்னோர்களாம்! இந்தக் குழுவில் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். பாதிப் பேர் விருதுநகரில் மிளகாய் வற்றலும் பருப்பும் எடை போட்ட வீட்டுப் பிள்ளைகள். மண்ணைத் தொட்டதே ஓய்வு பெற்ற பிறகுதான், அதுவும் பாக்கெட்டில் வாங்கிய மண். எனக்கு வாய்த்த முன்னோர்கள் அவரை விதையைப் புறவாசலுக்குள்ளேயே விடாதவர்கள். பயறு போடாமல் மண்ணுக்குத் தழைச்சத்து ஏற்றுவது எப்படி என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அதைக் கற்றுக்கொண்ட லட்சணத்தையும் சொல்கிறேன். பிடித்தால் படியுங்கள். பிடிக்காவிட்டால் ஒரு பூங்கொத்தை அனுப்பிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

எங்கள் வீடு திருத்தங்கலில் இருந்தது. எங்கள் வீடு என்று வாய்ப் பழக்கத்தில் சொல்கிறேன். அது பெரியப்பாவின் வீடு. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். அவருடைய தம்பியான என் அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தார். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் மூட்டைகள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனிக்கிற வேலை. முன்கட்டு முழுக்கப் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும். அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கும் பின்பக்கம் ஓர் அறை. அடுப்பு ஒன்றுதான், ஆனால் சாமான் அறைச் சாவி பெரியம்மாவின் இடுப்பில். ஒரு கை புளி வேண்டுமென்றாலும் அம்மா போய் நிற்க வேண்டும்.

அந்த வீட்டில் அம்மாவுக்கென்று இருந்தது புறவாசலில் நாலு பாத்தி மட்டும். துணி காய்கிற கம்பிக்கு வடக்கே பெரியம்மாவின் பாத்திகள், தெற்கே அம்மாவுடையவை. அந்தத் தெற்குப் பக்கத்தில் காகிதக் கட்டு அடுக்கக் கொட்டகை போட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் ஆவணியில் தீபாவளி லேபிள் வேலை முடிந்ததும் பெரியப்பா பேச்சை எடுப்பார். அந்த வருஷம் முடிவாகவே சொல்லிவிட்டார்.

"பொங்கல் வரைக்கும் பாப்பேன். வீட்டுக்கு ஆகுற மாதிரி காய் வந்தா வச்சுக்கிடட்டும். இல்லேன்னா கொட்டகைதான்."

அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னார், அம்மா காதில் விழும்படி. அப்பா, "சரிண்ணே" என்றார். அவருக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

அம்மா சாத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்தவள். இலையைப் பார்த்தே மண்ணுக்கு என்ன பசி என்று சொல்லிவிடுவாள். எங்கள் புறவாசல் மண் வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் தூளும் சுண்ணாம்புக் காரையும் கலந்தது. கத்தரி முழங்கால் உயரம் வந்ததும் கீழ் இலையிலிருந்து மஞ்சள் ஏறத் தொடங்கியது. அம்மா இரண்டு வரிசைக்கு நடுவில் தட்டாம்பயறு ஊன்றினாள். நாலாம் நாள் முளை எட்டிப் பார்த்தது. எட்டாம் நாள் பெரியம்மா பார்த்துவிட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் குடும்பத்தின் பெரிய அறிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை, மொச்சை, பயறு எதுவும் எங்கள் வீட்டில் விதைக்கக் கூடாது. ஆகாது. எந்தக் காலத்திலோ அவரைப் பந்தல் காய்த்துக் குலுங்கியபோது வீட்டு ஆம்பிளை ஒருத்தர் செத்துப் போனாராம். பழி அவரைமேல் விழுந்தது. ஆனால் வாங்கித் தின்னலாம்! பெரியப்பாவுக்குப் புளிக்குழம்பில் மொச்சை மிதக்காவிட்டால் முகம் கோணிப் போகும். தின்றால் சாகாதவர்கள் முளைத்தால் செத்துப் போவார்களாம்.

பெரியம்மா அத்தனை நாற்றையும் வேரோடு பிடுங்கி அம்மா காலடியில் எறிந்தாள். "எம் புருசன் தலைய எடுக்கணும்னு கங்கணம் கட்டிக்கிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்தியா?"

"எங்க ஊர்ல எல்லாரும் போடுறதுதான்க்கா. மண்ணு வெளுத்துக் கெடக்கு."

"உங்க ஊர்ல என்ன எழவையும் போட்டுக்க. இங்கன போடாத."

"அப்ப ரெண்டு கூடை சாணியாச்சும் குடுங்கக்கா."

"மாடு எங்க அப்பன் வீட்டுல குடுத்துவிட்டது. சாணியும் எனக்குத்தான், மூத்திரமும் எனக்குத்தான்."

உண்மைதான். பெரியம்மாவுக்கு ஒரு கறவை மாடு உண்டு. அதன் சாணி வடக்குப் பாத்திக்குப் போகும், மிச்சம் அடுப்பெரிக்க எருவாட்டியாகும். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினால் ஒரே வாரத்தில் செடி கறுத்து வரும். அதுவும் மாட்டுக்கென்று சாமான் அறையில் பூட்டிக் கிடந்தது. அம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் குளிக்கிற தட்டிக்குப் பின்னால் வாய் குறுகிய ஒரு மண்பானையை வைத்து, என்னைக் கூப்பிட்டு, "இனிமே காலையில எந்திரிச்சதும் ஒண்ணுக்கு இதுலதான் போகணும்" என்றாள்.

மூக்கைப் பொத்தாதீர்கள். போன மாதம் இதே குழுவில் பஞ்சகவ்யத்தை உள்ளங்கையில் ஊற்றிக் குடித்துப் படம் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். மாடு பெய்தால் புனிதம், மனுஷி பெய்தால் நாற்றமா?

அம்மாவிடம் ஒரு முறை இருந்தது. எனாமல் போன நீலக் குவளை ஒன்று. அதில் ஒரு குவளைக்குப் பத்துக் குவளை தண்ணீர். இலையில் ஒரு சொட்டுப் படக் கூடாது. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மண்ணைக் கீறி ஊற்றி, மேலே மறுபடி நல்ல தண்ணீர், அதற்கு மேல் காய்ந்த சருகு. தினமும் கிடையாது, வாரம் ஒருமுறை ஒரு பாத்திக்கு. பானையின் வாயைத் துணியால் கட்டி, மேலே சிரட்டை கவிழ்த்திருப்பாள். அந்தத் துணியை அவிழ்க்கும்போது கண்ணில் நீர் வரும், தொண்டை எரியும். அவிழ்ப்பது என் வேலை. பதினைந்து நாளில் மஞ்சள் நின்றது. ஒரு மாதத்தில் இலை உள்ளங்கை அகலம், கரும்பச்சை. வெண்டை என் தோளுக்கு வந்தது. அம்மா பாட்டெல்லாம் பாடுகிறவள் இல்லை. ஆனால் அந்த மாதம் காலையில் பாத்தி ஓரம் உட்கார்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

எனக்குச் சனி பிடித்தது அந்த மாதம்தான். பக்கத்து வீட்டுப் பெண் என் வகுப்பில்தான் படித்தாள். மதில்மேல் ஏறிக் கொய்யா பறிக்கிற சாக்கில் நான் பானையும் குவளையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. டீச்சர் வருகைப் பதிவு எடுக்கிறார். என் பேர் வருகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து, "பானை உள்ளேன் டீச்சர்" என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. டீச்சரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குப் பேரே பானை. என் கையால் கொடுத்த நெல்லிக்காயை ஒருத்தி என் கண்முன்னாலேயே சாக்கடையில் போட்டாள். சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை வெடித்தது.

வீட்டில் அழுதேன். "நான் இனிமே அதத் தொட மாட்டேன்மா."

"கைய நல்லாக் கழுவிட்டுப் போ. இதுல என்ன இருக்கு? பொங்கல் வரைக்கும் பொறுத்துக்க."

பானை என்று கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை என் வாயால் வீட்டுக்குள் கொண்டுவர என்னால் முடியவில்லை. பாத்தி போனால் போகட்டும், பானை ஒழிந்தால் போதும் என்று தினமும் சாமியிடம் வேண்டினேன்.

பெரியம்மாவுக்கு விஷயம் தெரிந்தது அதற்கப்புறம்தான். பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். அதுவரை அந்தக் கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி, மூன்றாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டவள், ஓடிப்போய்ப் புறவாசலில் ஓங்கரித்தாள். "மூத்திரக் கத்திரிக்காயத் தின்ன வச்சுட்டாளே! இவ கையில தண்ணி வாங்கிக் குடிக்கலாமா?" பெரியப்பா அச்சகத்து ஆட்கள் முன்னாலேயே அப்பாவிடம், "ஏலே, உம் பொண்டாட்டி பீயும் அள்ளிப் போடுவாளாலே?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அம்மா மட்டும் பானையை எடுக்கவில்லை, பொங்கல் வரைக்கும் கெடு இருக்கிறதே என்றாள்.

அப்பாவுக்கு ரோஷம் என்று ஒன்று வந்தால் அது எப்போதும் தப்பான பக்கம்தான் போகும். தீபாவளி முடிந்து கம்பெனி மூடிக் கிடந்த நாட்கள். ஸ்டோர் சாவி இவரிடம். ஒருநாள் சைக்கிளில் நாலு காலிச் சாக்கு கட்டிக்கொண்டு வந்தார். வெடியுப்பு வந்த சாக்குகள். உள்பக்கமெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு கட்டி ஒட்டியிருந்தது. கம்பெனிச் சாக்கை வெளியே கொண்டுவரக் கூடாது. பிடித்தால் அன்றைக்கே வேலை போகும்.

"இதக் கரைச்சு ஊத்து. இதுலயும் அதே சத்துதான் இருக்காம், கம்பெனியில சொன்னாக. உன் நாத்தமும் வேண்டாம், ஊர் பேச்சும் வேண்டாம். சுத்தமான சரக்கு."

அம்மா ஒரு துணுக்கை நாக்கில் வைத்துத் துப்பினாள். "சத்து இருக்கும். ஆனா ரொம்பக் காட்டமா இருக்கும் போலருக்கே. ஒரு குடத்துக்கு ஒரு சிட்டிகை போதும். மொத்தமா ஊறப்போடாதீக, மாடு உப்புன்னு வாய் வச்சுரும்."

"எனக்குத் தெரியும் போ."

எல்லாம் தெரிந்தவர் நாலு சாக்கையும் அம்மாவின் பாத்தி ஓரம் இருந்த தகரத் தொட்டியில் மொத்தமாக ஊறப்போட்டார். அம்மா மேலே ஒரு பலகையைப் போட்டு மூடிவிட்டுப் போனாள். அவர் சாக்கைப் புரட்டிவிட வந்தபோது பலகையை எடுத்தவர் திரும்ப வைக்கவில்லை.

அது சனிக்கிழமை, அரைநாள் பள்ளிக்கூடம். நான் வந்தபோது அம்மா தெருக்குழாயில் தண்ணீருக்கு நின்றுகொண்டிருந்தாள். பெரியம்மா மாட்டை நிழல் மாற்றிக் கட்டுகிறேன் என்று அவிழ்த்தவள், வாசலில் வளையல்காரி குரல் கேட்டதும் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நான் புறவாசல் கதவருகே கால் கழுவ வந்தேன். மாடு தொட்டிக்குள் மூஞ்சியை விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது. அப்பா அறையிலிருந்து ஓடி வந்தார். அதை அடித்துத் துரத்தினார். தொட்டியில் பாதி இல்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கதவுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைச் சாய்த்து மிச்சத் தண்ணீரை அப்படியே அம்மாவின் பாத்தியில் கொட்டினார். சாக்குகளைச் சுருட்டிச் சைக்கிளில் வைத்தார். போய்விட்டார்.

மாடு சாயங்காலத்துக்குள் விழுந்தது. முதலில் தள்ளாடியது, அப்புறம் ஓடி இளைத்தது போல மூச்சு. ஈறெல்லாம் பழுப்பாகிவிட்டது. கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து கண்ணை விரித்துப் பார்த்து, "கண்ட தண்ணியக் குடிச்சிருக்கு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கன்றுக்குட்டி மடியை முட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் என்னவோ இன்னும் மறக்கவில்லை.

"மூத்திரப் பானையக் குடிச்சுத்தான் செத்துச்சு! திட்டம் போட்டு எம் மாட்டக் கொன்னுட்டா!" பெரியம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினாள். தெருவே முன்கட்டில் கூடியது. மாட்டை யார் அவிழ்த்துவிட்டது என்று ஒருத்தர் கேட்கவில்லை. அப்பா அதற்குள் திரும்பி வந்து தூணோரம் நின்றார். சட்டைக் கையில் வெள்ளையாக உப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. அதையும் ஒருத்தர் பார்க்கவில்லை.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏ புள்ள, நீதான மத்தியானம் வீட்ல இருந்த? மாடு எதுல வாய வச்சுச்சு? பயப்படாமச் சொல்லு."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நம்புகிற முகம். நான் நினைத்தது இவ்வளவுதான்: பானை என்று சொன்னால் பானையை உடைத்துவிடுவார்கள். திங்கட்கிழமையிலிருந்து தூக்க வேண்டாம்.

"பானையிலதான் பெரியப்பா. நான் பாத்தேன்."

பெரியம்மா புறவாசலுக்கு ஓடி, கூட்டமும் பின்னாலேயே போக, பானையைத் தூக்கிக் கல்லில் போட்டு உடைத்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், பெரிய சந்தோஷம். அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இரண்டு நாளில் அம்மாவின் பாத்தி கருகியது. இலை ஓரமெல்லாம் தீயில் காட்டியது போலச் சுருண்டது, அப்புறம் தண்டும் சாய்ந்தது. அத்தனை உப்பை மொத்தமாகக் கொட்டினால் எந்தச் செடி நிற்கும்? "பாத்தீகளா, மூத்திரம் செடியவும் எரிச்சிருச்சு" என்று பெரியம்மா வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பொங்கல் வரைக்கும் காத்திருக்கவில்லை. மார்கழியிலேயே கொட்டகைக்குக் கால் ஊன்றிவிட்டார்கள். அப்பாதான் குழி தோண்டினார். புறவாசல் கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது. அம்மாவை அந்தப் பக்கம் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பேர் மட்டும் மாறவில்லை. அஞ்சாம் வகுப்பு முடிகிற வரை பானைதான்.

மூன்று வருஷம் கழித்துத் தனியாக வாடகை வீட்டுக்குப் போனோம். அங்கே நல்ல மண், கிணறு, யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. அம்மா ஒன்றும் வைக்கவில்லை. கறிவேப்பிலையைக்கூடக் காசு கொடுத்து வாங்கினாள். அப்பா ஒருமுறை ரோஜாப் பதியன் வாங்கி வந்தார். வைத்த இடத்திலேயே காய்ந்தது. கம்பெனியில் அவர் கடைசி வரை ஸ்டோர் பார்த்தார், நல்லவர் என்று பேர் எடுத்தார். செத்தபோது மாலை போட வந்தவர்கள் எல்லாம் அதையே சொன்னார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம், அம்மா அப்பாவின் சட்டைகளை யாருக்கோ கொடுக்க மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அவர் போய்விட்டார், இனி சொல்லலாம் என்று தோன்றியது.

"அம்மா, அன்னைக்கு மாடு பானையக் குடிக்கல. அப்பா வச்ச தொட்டியத்தான் குடிச்சுச்சு. நான் பாத்தேன்."

"தெரியும்" என்றாள், தலையைத் தூக்காமல். "அன்னைக்குக் காலையில பானையக் கழுவி நான்தான் வெயில்ல கவுத்தி வச்சேன். கவுந்து கெடந்த பானையில மாடு என்னத்தக் குடிக்கும்? உங்க பெரியம்மா அத நிமித்தி எடுத்துத்தான் ஒடச்சா. கூட நின்னவுக அத்தன பேரும் பாத்தாக."

"அப்ப நீ ஏம்மா சொல்லல?"

"சொன்னா சாக்கு விஷயம் வெளிய வரும். உங்க அப்பாவுக்கு வேல போயிரும். அப்புறம் மூணு பேரும் சோத்துக்கு அவுக கையத்தான் பாத்து நிக்கணும். உங்க அப்பா பயந்தாரு. அது எனக்குப் புரிஞ்சுச்சு, விட்டுட்டேன்."

ஒரு சட்டையை எடுத்து விரித்தாள். கழுத்துப் பித்தானிலிருந்து போடத் தொடங்கினாள்.

"உனக்கு என்ன பயம்? உன்ன யாரும் அடிக்கல, மிரட்டல. நான் உன்னயவேதான பாத்துக்கிட்டு இருந்தேன். உனக்கு என்னடி பயம்?"

முப்பத்தெட்டு வருஷமாக வைத்திருந்த கேள்வி. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பானை என்று கூப்பிட்டார்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். நாற்பத்தெட்டு வயதிலும் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. அவள் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தாள், சட்டையை மடித்தாள், மற்றதோடு அடுக்கினாள்.

"போ, உலை கொதிக்குது. போய்ப் பாரு" என்றாள். அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாள். மறுபடி கேட்கவில்லை.